சாகப் போகிறவளாக இருந்த ஆறு வாரம்

என் மகளுக்குப் பதினோரு வயது நடந்தபோது, நான் இன்னும் சில மாதங்களில் செத்துப்போய்விடுவேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். சொன்ன இடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு ஆறு வாரம் திருப்பூரில் சாகப் போகிறவளாகவே நடமாடினேன். இப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மூட்டு வலியைத் தவிர வேறு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

அப்போது நாங்கள் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாகப் பத்து வீடுகள், கடைசியில் பொதுக் குழாய். கணவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. பதினாலு வயதில் அந்த மேஜைக்கு முன்னால் நின்றவள் முப்பத்து மூன்றிலும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் மகள் அந்த மேஜைக்கு வரக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த வைராக்கியம். அவள் கணக்கில் சுமார், ஆங்கிலத்தில் அதைவிடச் சுமார். ஆனால் பாடுவாள்.

எங்கள் சபையில், ஞாயிறு ஆராதனையில் அவள் பாட ஆரம்பித்தால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். ஆறு வயதிலேயே பெரியவர்களின் பாடகர் குழுவில் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றி நிற்க வைத்தார்கள். பிறகு தொலைக்காட்சியில் சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டுப் போட்டி என்று விளம்பரம் வந்தது. கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு நடந்தது. காலையில் வரிசையில் நின்று மாலையில் உள்ளே போனாள். தேர்வாகிவிட்டாள். சினிமாப் பாட்டுத்தானே பாட வேண்டியிருக்கும் என்று போதகர் கொஞ்சம் முகம் சுளித்தார். சபைப் பெண்கள் அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

சென்னையில் முதல் நான்கு சுற்று அவள் குரலாலேயே போனாள். அதற்குப் பிறகு பார்ப்பவர்கள் ஓட்டுப் போட வேண்டும். செல்போனில் பிள்ளையின் எண்ணைத் தட்டி மெசேஜ் அனுப்ப வேண்டும். என் கணவர் டீ நேரத்தில் தன் கம்பெனியில் ஒவ்வொரு மிஷினாகப் போய், ஒரு மெசேஜ் அனுப்புங்க, ஒரே ஒரு மெசேஜ் என்று கேட்டார். யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். வடக்கிலிருந்து வந்த பையன்களிடம் அரைகுறை இந்தியில் கேட்டார். ஒடிசாப் பையன் ஒருவன் ஓட்டுப் போட்டுவிட்டு, தங்கச்சி எந்த மொழியில் பாடுகிறாள் என்று விசாரித்தானாம். இவ்வளவு செய்தும் இரண்டு வாரம் அவள் கடைசி இடத்துக்கு வந்து மயிரிழையில் தப்பினாள்.

அவளைவிட நன்றாகப் பாடிய ஒரு பெண் குழந்தை வெளியே போனது. அதன் அப்பாவுக்குச் சொந்தமாகக் கடை இருந்தது, அவர்கள் காரில் வருவார்கள். அதே வாரம் முதலிடத்துக்கு வந்தது தெற்கத்திப் பையன் ஒருவன். அவன் அப்பா அந்த வருடம்தான் இறந்திருந்தார். அவருடைய போட்டோவைப் பெரிதாக்கி மேடையில் வைத்து, அதற்கு முன்னால் அவனைப் பாடவைத்திருந்தார்கள். ஸ்டுடியோ வராந்தாவில் அந்தப் பெண் குழந்தையின் அம்மா பையை அடுக்கிக்கொண்டே என்னிடம், பாட்டு மட்டும் இருந்தால் போதாது, கதை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எந்தப் பக்கம் வரும் என்று வழி சொல்வதைப் போலச் சொன்னார்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டைப் படம் பிடிக்க வருவதாகப் போன் வந்தது.

நான் லீவு சொல்லிவிட்டு வீட்டைக் கழுவி விட்டேன். புதுப் பாய் வாங்கினோம். நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். நான்கு பேர் வேனில் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கிற பெண். இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார்கள். கை கழுவிவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தார்கள். பிரிட்ஜை ஒரு பழைய சேலையால் மூடினார்கள். சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோ பளபளப்பாக இருக்கிறது என்று கழற்றி வைத்தார்கள். பிறகு என்னைத் தண்ணீர் ஊற்றிய சோறும் வெங்காயமும் எடுத்து வந்து மூன்று பேருமாகச் சாப்பிடச் சொன்னார்கள்.

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த என் மகள், "ஏம்மா, கோழி தீந்துருச்சா?" என்று கேட்டாள்.

கேமராக்காரர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. படம் பிடித்து முடித்ததும் சமையல்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்கம்மா. அதுதான் இப்ப பிரச்சினையே. எல்லார் வீட்லயும் ஏதாவது ஒண்ணு இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. மேல என்னைத்தான் கேக்கறாங்க."

நான் உண்மையாகவே யோசித்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. என் வாழ்க்கையில் என்ன துக்கம் இருக்கிறது என்று, பரண்மேல் பாத்திரம் தேடுவதைப் போலத் தேடினேன். மாமியார் கொடுமை இல்லை. கணவர் குடிக்க மாட்டார். மூலனூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில் எல்லோரும் சுகமாக இருந்தார்கள். இப்படி நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த இன்ஹேலரை அவளே பார்த்துவிட்டாள்.

அது யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். பஞ்சுத் தூசியில் நின்று நின்று மார்கழி, தை மாதங்களில் எனக்கு இழுப்பு வரும். செக்கிங்கில் பாதிப் பேருக்கு அது உண்டு. சின்ன வயதில் நெஞ்சில் சளி கட்டி ஆறு மாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது எப்போதோ சரியாகிவிட்டது என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். கேமராவுக்கு முன்னால் இன்ஹேலரை அடித்துக் காட்டச் சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"தூசீல நிக்காதேன்னு சொன்னாருங்க. நின்னுதானுங்களே ஆகோணும்" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

சென்னையில் அடுத்த சுற்றின் படப்பிடிப்பு. பெற்றோர்கள் எல்லாம் கீழே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் மகள் பாவாடை சட்டையில் மேடைக்கு வந்து நின்றாள். பாடுவதற்கு முன்னால் பெரிய திரையில் எங்கள் வீட்டைக் காட்டினார்கள். தண்ணீர்ச் சோறு வந்தது. இன்ஹேலரோடு என் முகம் வந்தது. வயலின் வாசித்தார்கள். "நின்னுதானுங்களே ஆகோணும்" என்று நான் சொல்வதை இரண்டு தடவை போட்டார்கள். அதன் மேல் ஒரு ஆண் குரல், நுரையீரல் முழுவதும் பஞ்சு அடைத்துவிட்ட இந்தத் தாய்க்கு மருத்துவர்கள் நாள் குறித்துவிட்டார்கள், மகள் ஜெயித்தால் மட்டுமே அம்மாவைக் காப்பாற்ற முடியும் என்று சொன்னது.

என் மகள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. அவள் பயந்துபோய்விட்டாளே என்றுதான் அழுதேன். உடனே இரண்டு கேமரா என் முகத்துக்குக் கிட்டே வந்தன. என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அவருக்கும் யாரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். மகள் பாடினாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. உடைந்த குரலோடே பாடி முடித்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படப்பிடிப்பு முடிந்ததும் நானும் கணவரும் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தோம். இதெல்லாம் நான் சொல்லவே இல்லையே என்றேன். எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள், தன் கையில் எதுவும் இல்லை என்றாள். அந்த வாரம் நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம், இது மட்டும் இல்லையென்றால் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னாள். பாப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறோம் என்றார் என் கணவர்.

"ஓட்டு முடியற வரைக்கும் சொல்லாதீங்க சார். குழந்தைக்கு நடிக்கத் தெரியாது. ஒரே ஒரு வாரம்" என்றாள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் நான் சொல்வேன் என்று நினைத்தார், நான் அவர் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு வாரம்தானே என்று இருவருமே தலையாட்டிவிட்டோம்.

திரும்பி வந்தது பகல் வண்டி. காட்பாடி தாண்டும்வரை மகள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், எல்லோருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று என் காதருகில் வந்து, "நெசமாம்மா?" என்றாள். அங்கே, அந்த நிமிடத்தில், நான் இல்லை கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். "ஊட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பூர் வரும்வரை விடவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. முதலிடத்துக்கு வந்தாள். ஒரு வாரம் என்றது அடுத்த வாரம் ஆனது, அதற்கடுத்த வாரம் ஆனது. ஒவ்வொரு தடவையும் ஓட்டு முடியட்டும் என்றார்கள். நாங்களும் முடியட்டும் என்றோம்.

கம்பெனியில் என்னை யாரும் நிற்க விடவில்லை. ஸ்டூல் கொண்டு வந்து போட்டார்கள். மதியம் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக் கொடுப்பாள், ஒருத்தி சுடுதண்ணீர் கொண்டு வருவாள். தலையில் பூ வைத்துக்கொண்டு போக எனக்குப் பயமாக இருந்தது. வாய்விட்டுச் சிரிக்கப் பயமாக இருந்தது. நன்றாகப் பசித்தாலும் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன். ஒரு நாள் படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. மேலே நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கினேன்.

மூலனூரிலிருந்து என் அப்பா வந்தார். மகளுக்கு அப்புச்சி. கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வரும் நேரம், பனியன் பஞ்சு நுரையீரலை அடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் டிவியில் பார்த்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பத்தொன்பது வருடம் நின்ற மேஜையை விட்டு அப்படித்தான் வெளியே வந்தேன்.

சபையில் எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் பட்டினி கிடந்து வந்தார்கள். நான் நடுவில் முழங்கால் போட, சுற்றிலும் என் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். அத்தனை கைகளின் சூடும் பாரமும் என்மேல் இறங்கும். ஆண்டவரே என்னை இப்படியே எடுத்துக்கொள்ளும், அப்போதாவது இது பொய்யாக இருக்காது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

அந்தக் கைகளில் ஒன்று எங்கள் கம்பெனி பேக்கிங்கில் வேலை பார்த்த அக்காவுடையது. எங்கள் சபைதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு மார்பில் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், மறுபடி வந்துவிட்டது. அது சபைக்கே தெரியும். ஆனால் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டார். என் கதையை டிவியில் பார்த்த பிறகு மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நான் வேலையை விட்டு வீட்டில் இருந்தேன், அவரும் வேலைக்குப் போகவில்லை. இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

"உன்னைக் கண்டப்பறம்தான் கண்ணு எனக்கு வாய் தெறந்துச்சு. நல்லா இருக்கறவங்ககிட்டப் பேசுனா அவங்களுக்குப் பயமாயிருது" என்றார் முதல் நாள்.

அதன்பிறகு பேசினார். புருஷனிடமும் பிள்ளைகளிடமும் போதகரிடமும் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னார். எதற்குப் பயப்படுகிறார், எதற்குப் பயப்படவில்லை, யாரை மன்னிக்க முடியவில்லை என்றெல்லாம். அவற்றை நான் எழுதப் போவதில்லை. நடுநடுவே, உனக்கும் அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்பார். நான் ஆமாங்க்கா என்பேன். வேறு என்ன சொல்வது? அவர் போன பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன்.

இதற்குள் மகள் பாதியாகிவிட்டாள். சத்துணவில் கொடுக்கும் முட்டையைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொண்டு வருவாள். குடத்தை என்னைத் தொட விட மாட்டாள். நான் இருமினால் புத்தகத்தை மூடிவிட்டு என் நெஞ்சையே பார்ப்பாள். ஜெயித்தால்தான் அம்மாவைக் காப்பாற்ற முடியும் என்று அந்தக் குரல் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். பாட்டு அவளுக்குப் பாட்டாக இல்லாமல் போயிற்று. ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் பழகிக்கொண்டிருந்தாள். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் எட்டவில்லை. மறுபடி முயன்றாள், எட்டவில்லை. சத்தம் நின்றுவிட்டதே என்று எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தன் முன்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்க் கையை இழுத்தேன். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தால் முழங்கை வரை பல் தடம். பழையது கறுத்திருந்தது, புதியது சிவந்திருந்தது.

ஐந்தாவது வாரம் அது. அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் இருவருமாக அவளை உட்கார வைத்துச் சொன்னோம். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, டிவிக்காரர்கள் அவர்களாகச் சேர்த்துக்கொண்டது, நாங்கள் சொல்லாமல் இருந்தது தப்பு என்றோம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நீ ஏம்மா அங்க அழுதே?" என்றாள்.

உன்னைப் பார்த்துத்தான் அழுதேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், பெரியவர்கள் சிறு பிள்ளை பேச்சுக்கு ஆட்டுவதைப் போல. தான் பயப்படக் கூடாதென்றுதான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம் என்றாள். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் அவள் கன்னத்தைத் தட்டி, உங்கம்மா நூறு வயசு இருப்பாங்க என்று சிரித்தார். வெளியே வந்ததும், அந்த அக்காவிடமும் டாக்டர்கள் சிரித்துத்தான் பேசினார்களாம் என்றாள். நாங்கள் மத்தியானங்களில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

அவளை நம்பவைக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. என்னை மிகவும் வெட்கப்படுத்தும் இடத்தில், வெட்கப்படுத்தும் விதத்தில் சொன்னால்தான் அது உண்மை என்று அவளுக்குப் படும். ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மைகளை எழுந்து நின்று சொல்வார்கள். ஆறாவது வார ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தேன். சுகம் கிடைத்துவிட்டது என்று சொல்லப் போகிறேன் என நினைத்து முன் வரிசைப் பெண்கள் அப்போதே ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியே சொல்லியும் இருக்கலாம். எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும், என் மானமும் தப்பித்திருக்கும். அந்த எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. பாடகர் குழுவின் பெஞ்சில் என் மகள் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சீக்கு எதுவுமில்லீங்க. இருந்ததும் இல்லீங்க. ஓட்டு உளுகோணும்னு சும்மா இருந்துட்டனுங்க. உங்களையெல்லாம் பட்டினி போட்டு ஜெபிக்க வெச்சுட்டனுங்க. என்ற புள்ளகிட்டயும் சொல்லலீங்க" என்றேன்.

போதகர் உட்காருங்கம்மா என்றார். எந்த வசனத்தைச் சொல்வது என்று தெரியாமல் வேதப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் காணிக்கை எடுக்கச் சொன்னார். காணிக்கைப் பை என்னிடம் நிற்காமல் தாண்டிப் போனது.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாரம் அவருக்கு நடப்பதே சிரமமாக இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லைங்கறது நல்லதுதான் சாமி" என்றார். மூச்சு வாங்கினார். "ஆனா நா உங்கிட்டச் சொன்னதையெல்லாம் எனக்குத் திருப்பிக் குடுத்துரு."

கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கொடுத்த பாத்திரத்தைக் கேட்பதைப் போலக் கேட்டார். எப்படித் திருப்பிக் கொடுப்பது? நான் காலைத் தொடக் குனிந்தேன். வேண்டாம் என்று நகர்ந்துகொண்டார். அவர் மகன் வந்து பிடித்துக் கூட்டிப்போனான்.

மகள் அன்று மதியம் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட இடத்திலேயே சுருண்டு தூங்கியவள் மறுநாள் காலையில்தான் எழுந்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டால் கொண்டு வந்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஐந்தாம் நாள், தான் சென்னைக்குப் போகப் போவதில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வந்துதான் ஆக வேண்டும் என்று போனில் சொன்னார்கள். அவர் கெஞ்சிக் கூட்டிப்போனார். நான் போகவில்லை.

நடந்ததை அவர் வந்து சொன்னார். மேடையில் தொகுப்பாளர், அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாராம். எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்காங்க என்று மகள் மைக்கில் சொன்னாளாம். மறுபடி முதலிலிருந்து எடுத்தார்களாம். மறுபடியும் அவள் அதையே சொன்னாளாம். அப்புறம் கேட்கவில்லை. பாடினாள், பரவாயில்லாமல் பாடினாள். ஒளிபரப்பில் அந்தப் பதில் வரவில்லை. தொகுப்பாளர் கேட்டதும், பழைய வாரம் ஒன்றில் அவள் அழுத முகத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் பார்த்தோம். தன் முகம் அழுவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அந்த வாரத்தோடு அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓட்டுக் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். குறைந்ததா, இல்லையா, எங்களுக்குத் தெரியாது.

ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவள் கடைவீதியில் என்னைக் கண்டதும் எதிர்ப் பக்கம் போனாள். என் கணவரிடம் மிஷின் வரிசையில் ஒருவன், அடுத்து யாரைச் சாகடிக்கப் போறீங்க என்று கேட்டிருக்கிறான். அந்த மாதமே வீட்டை மாற்றிக்கொண்டு ஊரின் இன்னொரு மூலைக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன யூனிட்டில் எனக்குச் செக்கிங் வேலையே கிடைத்தது.

அக்கா கிறிஸ்துமஸ் கழிந்து இறந்தார். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போனேன். தூங்குகிறார் என்று இரண்டு தடவையும் மகன் சொன்னான். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்குப் போனோம். நான் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டேன். என் மகளைப் போதகர் பாடகர் குழுவோடு நிற்கச் சொன்னார். போய் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடிக் கேட்க எனக்கு ஆறு வருடம் ஆனது. பிளஸ் டூ முடித்த சமயம் ஒரு நாள் குளியலறையில் மெல்ல முணுமுணுத்தாள். கணவர் ஜாடை காட்டினார், நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அவள் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஏசி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற வேலை. நான் நின்ற மேஜைக்கு அவள் வரவில்லை, அது வேறு வழியில் நடந்தது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை. ஒரு தடவை மட்டும், காதர்பேட்டையில் துணி எடுத்துவிட்டு மூன்று பேருமாக ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். சுவரில் டிவி ஓடியது. ஒரு பாட்டுப் போட்டி. மேடைக்குக் கீழே ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், மேடையில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை நின்றது. வயலின் ஆரம்பித்தது. பக்கத்து மேஜைக்காரர் கண்ணைத் துடைத்தார்.

என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்த அம்மாவை அவள் பார்க்கவில்லை. மேடையில் நின்ற குழந்தையையே பார்த்தாள்.

"அந்தப் பாப்பாகிட்ட யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாளா, பொதுவாகக் கேட்டாளா என்று தெரியவில்லை.

கணவர் சர்வரைக் கூப்பிட்டு வேறு எதையாவது போடச் சொன்னார். ரிமோட் முதலாளியிடம் இருக்கிறது, அவர் வெளியே போயிருக்கிறார் என்றான் அவன். குழந்தை பாட ஆரம்பித்தது. நன்றாகவே பாடியது. பாதித் தோசையோடு எழுந்து கை கழுவப் போனோம்.